பெல்ட்: 41, 67, 118, 203, 240

ருக்குமணி ஒருநாளும் அறுப்பு மிஷினில் ஏறி உட்கார்ந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் (வெளியூரில் ஒன்றியம் என்பார்கள்) அறுப்பு மிஷின் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளை மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அவள் அப்பா மெக்கானிக்காக இருந்திருப்பார் என்று நினைத்தார்கள். அவள் அப்பா பந்தல் போடுகிறவர்.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டின் மேலேயே எங்கள் கடை. அறுப்பு மிஷின் விற்பதும், விற்றதைப் பழுது பார்ப்பதும் தொழில். முதலாளி விஜயராஜ். ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் நான் பதினேழு வருஷமாக இருக்கிறேன். பெயர் ஆண்டனி. எனக்கு இடது பக்கம் நாலடி தள்ளி ஒரு மேசை, அதன்மேல் ஒரு போன். அது ருக்குமணியின் இடம்.

அவள் பில் டைப் அடிக்கத்தான் வேலைக்கு வந்தாள். சேர்ந்த மூன்றாம் மாதம் ஒருநாள் மெக்கானிக்குகள் எல்லாரும் வயலுக்குப் போயிருந்தார்கள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. போன் எடுப்பது என் வேலையில் சேராது. அவள் எடுத்தாள். அந்தப் பக்கம் ஒருவன், "வண்டி இருமுதுங்க" என்றான்.

யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. "எப்படி இருமுது? வறட்டு இருமலா, சளி இருமலா?" என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்து, "சளி" என்றான். அவள் இன்னொரு போனில் மெக்கானிக்கைப் பிடித்து விவரம் சொன்னாள். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அவர் சொன்னார். கலந்துதான் இருந்தது. அன்றிலிருந்து போன் அவளுடையதாகிவிட்டது, ஓட்டுகிறவர்களுக்கு அவள் அக்காவாகிவிட்டாள்.

வருகிற ஒவ்வொரு போனையும் ஒரு நீளமான நோட்டில் எழுதினாள். இடது பக்கம் ஓட்டுகிறவன் சொன்னது, அவன் சொன்ன வார்த்தையிலேயே. வலது பக்கம் உண்மையான கோளாறு. "முக்குது." "ஏப்பம் வுடுது." "நெல்லைப் பின்னாடி துப்புது." "ஏறும்போது மூச்சு வாங்குது." பதினோரு வருஷத்தில் ஏழு நோட்டு. நோட்டைப் புரட்டாமலேயே பதில் சொல்கிற நிலைக்கு ஐந்தாம் வருஷமே வந்துவிட்டாள்.

ஒரு தடவை அவளிடம் கேட்டேன், நாள் முழுக்க இந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அலுப்பாக இல்லையா என்று. "வூட்டுல ஃபேன நிறுத்துங்கன்னு சொன்னாகூட எவனும் நிறுத்த மாட்டான்ணா. இங்க நான் நிறுத்துன்னா மூணு டன் வண்டி நிக்குது" என்றாள். அந்த நாற்காலி அவளுக்கு என்ன என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

போன வருஷம் ஜூன் மாதம் கம்பெனி தமிழில் ஒரு கையேடு அனுப்பியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், வழுவழுப்பான தாள். மொழிபெயர்த்தவர் நன்றாகப் படித்தவர் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. கிளச்சை உரசிணைப்பி என்று எழுதியிருந்தார். பேரிங் தாங்கியாகிவிட்டது. பதினேழு வருஷம் கிளச்சு விற்றவன் நான், படம் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

கடைசியில் சொல்லடைவு என்று எட்டுப் பக்கம். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் பட்டியல். முதல் சொல் காற்றுத் தூய்மி. அடுத்தது மின்கலம். அதற்கடுத்து தாங்கி, பிறகு பட்டை, பிறகு மரையாணி. அகர வரிசையும் இல்லை, பக்க வரிசையும் இல்லை. நானும் விஜயராஜும் இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினோம். அச்சகத்தில் தாள் கலைந்துவிட்டது என்று விஜயராஜ் முடிவு செய்தார்.

மூன்றாம் நாள் ருக்குமணி சோற்று டப்பாவைத் திறந்துகொண்டே, "ஏர், பேட்டரி, பேரிங், பெல்ட்டு, போல்ட்டு" என்றாள். "இங்கிலீஷ்ல வரிசையா இருந்ததை அப்படியே தமிழாக்கிட்டாங்க. வரிசைய மாத்த மறந்துட்டாங்க."

ஆக, அந்தத் தமிழ்ப் பட்டியலில் ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் முதலில் அதன் இங்கிலீஷ் பெயர் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்காகப் போட்ட புத்தகம் அது.

கம்பெனியின் சர்வீஸ் மேனேஜர் முத்துக்குமரன் அந்த மாதக் கடைசியில் வந்தார். நல்ல மனிதர், காலர் கசங்காதவர். இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, புத்தகம் வந்துவிட்டதால் இனி போன் மேசைகள் தேவைப்படாது என்று கம்பெனி நினைக்கிறது. வரும் சம்பா அறுப்பில் நாளுக்குச் சராசரி பன்னிரண்டு அழைப்புக்குக் குறைந்தால் மேசையை எடுத்துவிடுவார்கள். போன சம்பாவில் எங்களுக்கு நாளுக்கு முப்பத்தொன்று. இரண்டாவது, சொல்லடைவில் ஏதோ பிழை இருப்பதாக விஜயராஜ் சொன்னாராம். மறுபதிப்பு டிசம்பரில். அதற்குள் அதைச் சரி செய்து தர ருக்குமணியால் முடியுமா?

அதாவது, தன் நாற்காலியைத் தானே அறுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அப்படிக் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ருக்குமணிக்குத் தெரிந்தது. "செய்றேன் சார்" என்றாள்.

ஏன் ஒத்துக்கொண்டாள் என்று அவர் போனபிறகு சத்தம் போட்டேன். "தப்பா இருக்கிறதப் பாத்துக்கினு சும்மா இருக்க முடியலண்ணா" என்றாள். சிலருக்கு இப்படி ஒரு வியாதி.

வீணான பில் தாள்களை நாலாகக் கிழித்து, ஒரு துண்டுக்கு ஒரு சொல் என்று எழுத ஆரம்பித்தாள். ஏழு நோட்டும் மேசைமேல் ஏறின. அவள் வைத்துக்கொண்ட விதிகள் எனக்கு வேடிக்கையாக இருந்தன. ஒரு பொருளுக்கு மூன்று பெயர் இருந்தால் மூன்று இடத்திலும் பக்க எண் இருக்க வேண்டும். 'அந்தச் சொல்லின் கீழ் பார்க்க' என்று எழுதி அலைய விடக்கூடாது. "கையெல்லாம் சேறு. எத்தன தடவ புரட்டுவான்?" என்றாள்.

கோளாறுகளுக்கும் தனிச் சொல் போட்டாள். 'இருமல்' இ-யில் வந்தது. 'சத்தம்' என்பதன் கீழ் கடகட, கிறீச், டொக்டொக், விசில். முத்துக்குமரன் போனில் எல்லாவற்றுக்கும் சரி என்றார், ஒன்றைத் தவிர.

"மேடம், கம்பெனி புக்குல நாத்தம்னு போட முடியாது. துர்நாற்றம்னு போட்டுடலாமா?"

"துர்நாற்றம்னா செத்த எலி சார். ரப்பர் கருகினா நாத்தம்."

"வாசனைன்னு..."

"வாசன ஊதுபத்திக்கு சார்."

நாத்தத்தை நாற்றம் என்று எழுத்துத் திருத்திப் போடுவதோடு நின்றது அந்தப் பேச்சு.

எழுத்து வரிசைதான் பெரிய தொல்லை. பார்ட்ஸ் வாங்க வந்த ஒன்பது பேரிடம் அவள் தாளைக் கொடுத்து 'லைட்டு' எங்கே என்று தேடச் சொன்னாள். ஆறு பேர் க, ச, ட வரை வந்து நின்றுவிட்டார்கள். அதற்கப்புறம் எது என்று ஒருவர் என்னையே கேட்டார். எனக்கும் மனதுக்குள் பாடிப் பார்த்தால்தான் வந்தது. ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முழு வரிசையையும் அடித்து, அந்தப் பக்கத்து எழுத்தை மட்டும் தடிப்பாகக் காட்டச் சொன்னாள். அதிலும் ஒரு சிக்கல். போல்ட்டு, புஷ்ஷு, பேரிங், பேட்டரி, பிஸ்டன், பம்ப்பு, பைப்பு என்று மிஷினில் மூன்றில் ஒரு பங்கு ப-வில்தான் இருக்கிறது. அந்த ப-வுக்குள்தான் பெல்ட்டும் இருந்தது.

பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அறுப்பு மிஷின் இரண்டு சாதி. காய்ந்த வயலில் இறங்குவது டயர் வண்டி. சேற்றில் இறங்குவது பெல்ட் வண்டி. டயருக்குப் பதில் அகலமான ரப்பர் வார் தரையில் ஓடும், அதைத்தான் பெல்ட் என்கிறோம். ஆனால் வண்டிக்குள்ளேயும் பெல்ட்டுகள் இருக்கின்றன. இன்ஜினிலிருந்து கதிரடிக்கும் உருளைக்கு ஒன்று, கத்திக்கு ஒன்று, காற்றாடிக்கு ஒன்று. அவையும் பெல்ட்தான். கையேட்டில் தரையில் ஓடுவது இயங்குதடம், உள்ளே சுற்றுவது பட்டை. இரண்டையும் எங்கள் கொம்யூனில் ஒருத்தன் வாயில்கூடக் கேட்டதில்லை.

வருகிற பத்துப் போனில் நாலு பெல்ட்டுக்குத்தான் வரும். அவள் முதலில் கேட்பதே, "எந்த பெல்ட்டு, கால்ல இருக்கிறதா, வயித்துல இருக்கிறதா?" என்பதுதான்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம்.

"பெல்ட்ட மட்டும் பிரிக்காத" என்றேன். "பெல்ட்டுன்னு ஒரே வரி போடு. பக்கத்துல அஞ்சு நம்பரையும் போட்டுடு. தப்புன்னு எவனும் சொல்ல முடியாது. அஞ்சு பக்கத்தையும் எவன் புரட்டுவான்? குழம்பிப் போயி உனக்குத்தான் போன் பண்ணுவான். நாளுக்குப் பன்னெண்டு தானா வந்துடும்."

அவள் அன்று சாயங்காலம் வரை கால் பெல்ட், வயிற்றுப் பெல்ட் என்று தனித்தனியாக எழுதிய பதினோரு துண்டுகளைக் கையில் வைத்து அடுக்கிக்கொண்டும் கலைத்துக்கொண்டும் இருந்தாள். மறுநாள் டைப் அடித்த தாளில் ஒரே வரி இருந்தது. பெல்ட்: 41, 67, 118, 203, 240. பதினோரு துண்டையும் ரப்பர் பேண்டு போட்டு டிராயருக்குள் வைத்திருந்தாள். கிழித்துப் போடவில்லை. எனக்கு என் யோசனையின்மேல் பெருமையாக இருந்தது.

அச்சுக்குப் போகும் முன் சோதித்துப் பார்க்க, பத்து ஓட்டுநர்களுக்குக் கையேட்டோடு புதிய சொல்லடைவையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். அதில் ஒருவர் பாகூர் சுப்புராயன். சொந்தமாகப் பெல்ட் வண்டி வைத்திருப்பவர். ருக்குமணிக்கு வாரம் ஒரு போனாவது போடுவார்.

செப்டம்பரில் சொர்ணவாரி போகத்து அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்தது. ஒரு வியாழக்கிழமை காலை சுப்புராயன் கவுன்ட்டருக்கு வந்து, கால் பெல்ட் ஒன்று வேண்டும் என்றார். அது லேசில் போகிற சாமான் இல்லை.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"அறுந்துடுச்சு. பெல்ட்டு கொஞ்சம் லூசா இருந்துது. சேத்துல இறங்கறதுக்கு முன்னாடி டைட் வெச்சிடலாம்னு புக்கப் பாத்தேன். அக்கா எழுதினது இருக்குதே, அதப் பாத்து நாப்பத்தொண்ணுக்குப் போனேன். அமுக்கினா ஒரு விரல் தொய்வு இருக்கணும்னு போட்டிருந்துது. அதே அளவுக்கு வெச்சேன். இறங்கி ரெண்டு சுத்து, சேறு உள்ள அடைச்சுக்கினு டப்புனு போயிடுச்சு."

நாற்பத்தொன்றாம் பக்கம் வயிற்றுப் பெல்ட்டுக்கானது. கால் பெல்ட்டுக்கு 203. அங்கே நாலு விரல் தொய்வு என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

ருக்குமணி நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருந்தாள். "அஞ்சு நம்பரு இருந்துதே அண்ணா. ஏன் எனக்குப் போன் பண்ணல?"

"எதுக்கும்மா பண்ணணும்? நீ போட்டதுதானே. முக்கியமானதத்தான் முதல்ல போட்டிருப்பே."

அவர் குறையாகச் சொல்லவில்லை. பெல்ட்டில்தான் ஏதோ குறை, கம்பெனி சரக்கு முன்னே மாதிரி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ருக்குமணியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நான் பெல்ட் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய், எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வண்டி நின்றது கனகாம்பாள் என்கிற அம்மாவின் வயலில். ஒரு காணி, குத்தகை நிலம். புதிய பெல்ட் மாட்டி முடிக்க வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. அதற்குள் மழை வலுத்து, கதிர் முழுக்கச் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. வேறு பெல்ட் வண்டிகள் எல்லாம் வேறு வேறு வயலில் இருந்தன. திங்கட்கிழமை ருக்குமணி அந்த வயலைப் பார்க்க வேண்டும் என்றாள். என் பைக்கில்தான் போனோம்.

கனகாம்பாள் வரப்பில் நின்று எங்களைப் பார்த்தார். "நீங்க யாரு, இன்சூரன்ஸா?"

"இல்லம்மா. புக்கு எழுதினவ" என்றாள் ருக்குமணி.

"என்னா புக்கு?"

கேட்டுவிட்டு அந்த அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை. "நாத்துக்கு ஊறப் போட்ட மாதிரி வந்துடுச்சு பாரு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டுவதுபோலக் காட்டினார்.

திரும்பி வரும்போது, கன்னியக்கோயில் தாண்டியதும், "நான்தான் சொன்னேன், என் தப்பு" என்றேன். "நீங்க சொன்னீங்க. டைப் அடிச்சது நான்" என்றாள். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. பதினேழு வருஷத்தில் தவறான பார்ட்டை ஒருவன் கையில் கொடுத்தவனில்லை நான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

கடைக்கு வந்ததும் நேராக விஜயராஜிடம் போனாள். பெல்ட் வரி குழப்பும் என்று தனக்குத் தெரியும் என்றாள்.

"தெரிஞ்சே வுட்டியா?" என்றார் அவர்.

"தெரிஞ்சேதான் சார். குழம்பினா போன் பண்ணுவாங்கன்னு நெனச்சேன். பண்ணல. என் பேச்ச நம்பி நேரா செஞ்சுட்டாங்க."

என் பெயரை அவள் எடுக்கவில்லை. நானும் எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விஜயராஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கனகாம்பாளுக்கு அடுத்த இரண்டு போகமும் கூலி வாங்காமல் கடை வண்டியே அறுத்துக் கொடுக்கும் என்றார். பிறகு, "சரி பண்ணிடு" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

டிராயரிலிருந்த பதினோரு துண்டும் வெளியே வந்தன. பெல்ட், காலில் ஓடுவது: இறுக்க, தளர்த்த, கழன்றால், அறுந்தால், சேறு அடைத்தால். பெல்ட், வயிற்றில் சுற்றுவது: கதிரடிக்கும் உருளை, கத்தி, காற்றாடி, மூன்றிலும் இறுக்க, மாற்ற. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பக்க எண். முத்துக்குமரன் 'வயிறு' என்ற சொல்லுக்குத் தயங்கினார். அவள் கனகாம்பாள் வயலிலிருந்து கொண்டுவந்த கதிரைப் படம் எடுத்து அனுப்பினாள். அதற்கப்புறம் அவர் எந்தச் சொல்லுக்கும் தயங்கவில்லை. சோதனைத் தாள்கள் பத்தையும் திரும்ப வாங்கி, அவள் கையாலேயே கிழித்தாள்.

மறுபதிப்பு டிசம்பரில் வந்தது. தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கியது. முதல் நாள் ஒன்பது போன். இரண்டாம் நாள் ஏழு. மூன்றாம் வாரம் ஒருநாள் காலையிலிருந்து மதியம் வரை ஒன்றுகூட வரவில்லை. லைன் போய்விட்டதா என்று நான் என் மொபைலிலிருந்து அடித்துப் பார்த்தேன். மேசைமேல் மணி அடித்தது. "லைன் நல்லாத்தான் இருக்குதுண்ணா" என்றாள் ருக்குமணி, எடுக்காமலேயே.

எண்ணிக்கைக்காக நானே தினம் ஐந்தாறு அழைப்புப் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அறுப்பு முடிய நாலு நாள் இருக்கும்போது சுப்புராயன் போன் போட்டார். அவர் குரல் எப்போதும் கவுன்ட்டர் வரை கேட்கும்.

"அக்கா, கால் பெல்ட்டு லூசாயிடுச்சு." அவளைவிடப் பத்து வயது பெரியவர், கோளாறு என்றால் மட்டும் அக்கா என்பார்.

"புக்கப் பாருங்கண்ணா."

"பாத்துட்டேன். எரநூத்தி மூணு. நாலு விரல். வெச்சாச்சு, ஓடிக்கினு இருக்குது."

"அப்பறம் எதுக்குப் போன்?"

"இல்ல... செஞ்சு முடிச்சா யாருகிட்டயாவது சொல்லணும்ல."

அவள் நோட்டில் எழுதினாள். இடது பக்கம், 'கால் பெல்ட் லூஸ், சரியாகிவிட்டது.' வலது பக்கம், 'கோளாறு இல்லை.'

மாதக் கடைசியில் முத்துக்குமரன் கணக்குப் பார்த்தார். சராசரி ஆறு. மிக நல்ல சொல்லடைவு, மற்ற மாநிலங்களுக்கும் இதை மாதிரியாக வைக்கப் போகிறோம் என்று கைகொடுத்தார். கையேட்டில் சொல்லடைவைத் தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தொழில்நுட்பப் பிரிவு' என்று அச்சாகியிருந்தது. மார்ச் முதல் வாரம் மேசையைத் தூக்கினார்கள். விஜயராஜ் அவளைத் திரும்ப பில் டைப் அடிக்கக் கூப்பிட்டார். பில் எல்லாம் இப்போது மெஷினே போடுகிறது, சும்மா உட்கார வைப்பதற்காகக் கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றாள். இப்போது பாகூர் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். அங்கே யாரும் அவளிடம் எதுவும் கேட்பதில்லையாம், இரண்டு பக்கமும் எடுக்கட்டுமா என்று அவள்தான் கேட்க வேண்டுமாம்.

மேசை இருந்த இடத்தில் கிரீஸ் டின்களை அடுக்கியிருக்கிறேன். போன் என் கவுன்ட்டருக்கு வந்துவிட்டது. இப்போது நான் எடுக்கிறேன்.

போன வாரம் ஒருவர் வந்தார். காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஓட்டுநர், ஐம்பது வயதிருக்கும். எங்கள் பக்கத்துக்கே புதிது. பழைய பெல்ட் வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார், புத்தகம் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் திருப்பிப் பின்பக்கத்தைப் புரட்டினார்.

"சார், இதுல அக்கா இருக்குதா?"

"எந்த அக்கா?"

அவர் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஸ்பேர் பார்ட்ஸ்ல உக்காந்துகினு இது தெரியாதா சார்? புக்குக் கடைசில வரிசையா போட்டிருப்பாங்களே, எது எந்தப் பக்கம்னு. அதுக்குப் பேரு அக்கா. வண்டி நின்னா முதல்ல அக்காவப் பாருன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

இருக்கிறது என்று சொல்லி, முந்நூற்றைந்தாம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன்.